ஒருசொட்டு அக்காவின் மேசை

என் அண்ணிக்குக் கம்பெனியில் வைத்த பெயர் ஒருசொட்டு. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. நான்தான் வைத்தேன் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுப்பதில்லை.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது சட்டை தைக்கும் கம்பெனி. நானூறு மெஷின்கள், எட்டு வரிசைகள். நான் மூன்றாவது வரிசையில் காலர் தைக்கிறேன். அண்ணி மெக்கானிக். நானூறு மெஷின்களையும் ஓட வைக்கும் ஐந்து பேரில் அவர் ஒருவர்தான் பெண். நூல் வெட்டுகிற வேலையில் சேர்ந்தவர். மெஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவருக்குப் பொறுமை இல்லை. தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து, சிக்கிய நூலை நோண்டி எடுத்துவிடுவார். இரண்டு முறை திட்டு வாங்கினார். மூன்றாவது முறை, "நோண்டித்தான் தீருவேன்னா, ஒழுங்கா ஸ்க்ரூடிரைவர் வெச்சு நோண்டு" என்று மெக்கானிக் அறைக்கே அனுப்பிவிட்டார்கள். அதெல்லாம் நடந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

மெஷினுக்கு எண்ணெய் போடுவதில் அண்ணியைப் போலக் கஞ்சத்தனம் யாருக்கும் வராது. ஓரிடத்துக்கு ஒரு சொட்டு. அதையும் எண்ணெய்க் குப்பியிலிருந்து நேராகச் சொட்ட விடமாட்டார். ஊசியின் காதை எண்ணெயில் முக்கி, அதில் தொங்கும் சொட்டை உரிய இடத்தில் தொட்டு வைப்பார். அதோடும் விடமாட்டார். கழிவுத் துணி ஒன்றை எடுத்து அந்த மெஷினில் நான்கு முறை ஓட்டுவார். வழிகிற எண்ணெய் எல்லாம் கழிவுத் துணியில் போய்விட வேண்டும்; தைக்கிற சட்டையில் புள்ளி விழக்கூடாது. துணி வெள்ளையாக வந்த பிறகுதான் எழுந்திருப்பார். நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் அண்ணி கைபட்ட மெஷினில் ஒரு கறையைக் கண்டுபிடிக்க முடியாது.

போன வருடம் பேருந்துப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். தகடு வைத்து நான்கு திருகு போட்டார்கள். "எனக்கே ஸ்க்ரூ போட்டுட்டாங்க பாரு" என்று ஆஸ்பத்திரியில் சிரித்தவர்தான். மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். மேனேஜர் அவரை நிற்க வைத்து, கையில் ஓர் ஊசியும் நூலும் கொடுத்து, கோர்க்கச் சொன்னார். கை ஆடியது. பெரிய ஆட்டம் இல்லை, ஆனால் எல்லாரும் பார்க்கும்படியாக ஆடியது.

"அக்கா, நீங்க கஷ்டப்பட வேண்டாம். ஸ்டோர்ல உக்காருங்க. ஓய்வா இருக்கும்" என்றார் மேனேஜர்.

அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம். முகத்தில் பரிதாபத்தை வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அண்ணி ஸ்டோருக்குப் போனார். ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அங்கே புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு சட்டைக்குள் தங்கிவிட்டால் யார் கழுத்திலாவது குத்துமே. அந்தத் துண்டுகளைச் சேர்த்து, முழு ஊசிதானா என்று பார்த்து, டேப் போட்டு நோட்டில் ஒட்டுவதுதான் அண்ணியின் புது வேலை. நானூறு மெஷின்களையும் சத்தத்தை வைத்தே அடையாளம் சொல்கிற மனுஷி, கம்பிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து டேப் கிழித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் அறையில் அவருக்கென்று ஒரு மேசை இருந்தது. மாதம் ஒரு முறை மேனேஜரிடம் போய், "என் மேசைய குடுங்க சார்" என்று கேட்பார். "பாக்கலாம்க்கா" என்பார் அவர்.

அண்ணியின் இடத்துக்கு ஒரு மீசைக்காரர் வந்தார். நல்ல மீசை. எண்ணெய் போடுவதில் மட்டும் கர்ணன் பரம்பரை. என் மெஷினில் அவர் ஊற்றிய ஊற்றில் ஒரே நாளில் பதினோரு காலரில் கறை விழுந்தது. திட்டு எனக்கு.

இனி என் அண்ணன். அவர் பேருந்து ஓட்டுநர். வாரத்தில் ஆறு நாள் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள வண்டியை ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் உள்ளங்கை அளவு ரிமோட் கார் ஓட்டப் போய்விடுவார். நாற்காலி, மேசை விற்கிற ஒரு கடையின் மாடியில், தரைவிரிப்பின் மேல் நுரைப்பட்டை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் யார் அதிகச் சுற்று சுற்றுகிறார்களோ அவர்தான் வெற்றி. தலை நரைத்தவர்களும் தொந்தி போட்டவர்களும் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கார் திரும்புகிற பக்கமெல்லாம் தாங்களும் சாய்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது.

அங்கே எப்போதும் முதலாவதாக வருகிறவர் எங்கள் மேனேஜர். எப்போதும் கடைசியாக வருகிறவர் என் அண்ணன்.

அண்ணனுக்கு எண்ணெய் விஷயத்தில் ஒரு கொள்கை இருந்தது. நிறைய ஊற்றினால் நிறைய ஓடும். கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்பிரேயை எடுத்துக் காரின் மேல் மருந்தடிப்பதுபோல அடிப்பார். ஒரு மாலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, சாப்பாட்டு மேசையில் அந்தக் கார் நின்றது. அதைச் சுற்றி எண்ணெய்க் குளம். அண்ணி விரலால் டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"இது காரா, எண்ணெய்ச் சட்டியா?"

"வழவழன்னு இருந்தாத்தானே ஓடும்?" என்றார் அண்ணன்.

"டயர் வழவழன்னு இருந்தா உங்க பஸ் ஓடுமா?"

அண்ணி காரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டார், சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஐந்து மாதமாக இல்லாத களை அந்த முகத்தில் வந்ததை நான் பார்த்தேன்.

சக்கரங்களைக் கழற்றினால் உள்ளே எட்டு பேரிங்குகள். ஒவ்வொன்றும் சட்டைப் பட்டனில் பாதி அளவு. அதற்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குட்டிக் குட்டிக் குண்டுகள். அண்ணி ஒரு பேரிங்கை ஊசியில் மாட்டிச் சுண்டிவிட்டார். இரண்டு சுற்றில் நின்றுவிட்டது.

"கிரீஸ் அடைச்சு விட்டிருக்கான். வருஷக்கணக்கா உழைக்கணும்னு கம்பெனிக்காரன் வைக்கிறது. நமக்கு அஞ்சு நிமிஷம் ஓடினா போதும்."

ஒரு குப்பி மூடியில் லைட்டர் பெட்ரோலை ஊற்றி, எட்டையும் அதில் போட்டு ஆட்டினார். மஞ்சளாகக் கரைந்து வந்தது. எடுத்து, துணியில் ஒற்றிக் காயவைத்து, மறுபடியும் சுண்டினார். இப்போது நிற்காமல் சுற்றியது, ஆனால் 'கிர்ர்' என்று கத்தியது. அண்ணன் குதித்தார். "பாத்தியா, என்ன வேகம்."

"கத்துறது வேகம் இல்லைங்க. வறண்டு போய்க் கத்துது. இப்படியே விட்டா தேஞ்சிடும்." ஊசிக் காதில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு எடுத்துத் தொட்டு வைத்தார். கத்தல் அடங்கியது. சுற்றல் அடங்கவில்லை.

அண்ணியிடமும் ஒரு தப்பு நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நாத்தனாரே இல்லை. காரின் பிளாஸ்டிக் பற்சக்கரங்களுக்கும் ஆளுக்கொரு சொட்டு வைத்துவிட்டார். எங்கள் மெஷினில் பற்சக்கரம் என்றால் எண்ணெய் உண்டு, அந்தப் பழக்கம். ஞாயிறன்று கார் இரண்டு நிமிடம் பறந்தது. பிறகு முனகியது. பிறகு நடுப்பாதையில் படுத்துக்கொண்டது. திறந்து பார்த்தால் தரைவிரிப்பின் பஞ்செல்லாம் எண்ணெயில் ஒட்டி, பல்லிடுக்கெல்லாம் கெட்டியாக அடைத்திருந்தது. அண்ணியின் முகம் சுண்டிப்போயிற்று.

"பஞ்சும் எண்ணெயும் சேரக்கூடாதுன்னு இருபத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்றவ நான். தரைவிரிப்புலயும் பஞ்சு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

அன்றிலிருந்து பற்சக்கரத்துக்குத் தூரிகை மட்டும்தான், எண்ணெய் கிடையாது. கடைசியாகக் கழிவுத் துணி. காரை மேசையில் வைத்து, சக்கரங்கள் துணியில் உரசும்படி பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓடவிடுவார். அச்சிலிருந்து தெறிக்கிற எண்ணெய் துணியில் கோடு போடும். இடம் மாற்றி மாற்றி, துணி வெள்ளையாக நிற்கிறவரை ஓட்டுவார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அண்ணன் கடைசி இடத்தை விட்டு ஐந்தாவது இடத்துக்கு வந்தார், பிறகு நான்காவது, பிறகு மூன்றாவது. மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. வெற்றி தலைக்கேறியவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? வருடக் கடைசிப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எல்லார் முன்னாலும் மேனேஜரைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

"எங்க வீட்டுல எண்ணெய் போட்ட வண்டி உங்கள முந்திட்டா, அவங்க மேசைய திருப்பிக் குடுத்துடணும். சம்மதமா?"

"முந்தலேன்னா?" என்று சிரித்தார் மேனேஜர்.

"முந்தலேன்னா அவங்க ஸ்டோர்லயே இருப்பாங்க. இனிமே கேக்கவே மாட்டாங்க."

மேனேஜர் கைகுலுக்கினார். அண்ணன் இதை ஏதோ பரிசு வாங்கி வந்ததுபோல வீட்டில் வந்து சொன்னார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"என் மேசைய பணயம் வைக்க நீங்க யாரு?"

"ஜெயிச்சுடலாம்மா."

"ஓட்டப்போறது யாரு? நீங்க. மூணாவது வளைவுல வாராவாரம் செவுத்துல முட்டுறது யாரு? நீங்க. உங்க மூணாவது வளைவுலயா என் வேலை தொங்கணும்?"

அண்ணன் என்னைப் பார்த்தார், ஒத்தாசைக்கு. நான் கூரையைப் பார்த்தேன். அண்ணி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஆறு நாற்காலிகளை வீட்டுக் கூடத்தில் வளைத்துப் போட்டு, "ஓட்டுங்க" என்றார். தினமும் மாலை அண்ணன் ஓட்டினார். நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்: அண்ணிக்குக் கோபம் வந்தால் அது வீணாகப் போகாது.

கடைசிப் போட்டியன்று மதியம் மாடி நிரம்பி வழிந்தது. ஐந்து கார்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. அதில் ஒன்று மேனேஜருடையது, இன்னொன்று அண்ணனுடையது. நான்கு மணிக்கு ஓட்டம். மூன்றரை மணிக்கு ஒத்திகை ஓடினார்கள்.

மேனேஜரின் கார் முதல் வளைவிலேயே தட்டாமாலை சுற்றியது. தூக்கி வைத்தார்கள். மறுபடியும் சுற்றிப் போய்ச் சுவரில் இடித்தது. அவர் ஓடிப்போய் எடுத்து டயரைத் தொட்டார். விரல் பளபளத்தது. அண்ணன் மேலே வந்துகொண்டே இருப்பதைப் பார்த்து மனிதருக்குப் பயம் பிடித்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டுமென்று சற்று முன்னால் குப்பியைக் கவிழ்த்து எட்டு பேரிங்கிலும் ஊற்றியிருக்கிறார். சுற்றச் சுற்ற எண்ணெய் தெறித்து டயரில் ஏறிவிட்டது. மாற்று டயர் இருந்தது. ஆனால் அந்த பேரிங் உள்ளே இருக்கிறவரை புது டயரும் நனையும்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என் மனம் குளிர்ந்துவிட்டது. மேசை நம் வீட்டுக்கு வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

மேனேஜர் காரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் இரண்டு யோசனை சொன்னார்கள். அவர் இரண்டையும் கேட்கவில்லை. நேராக அண்ணியிடம் வந்தார்.

"அக்கா, இருபது நிமிஷம்தான் இருக்கு. ஏதாவது பண்ண முடியுமா?"

அண்ணன் புருவத்தாலேயே வேண்டாம் வேண்டாம் என்றார். நான் அண்ணியின் முழங்கையைக் கிள்ளினேன். "போகாதீங்க அண்ணி. அவர் தோத்தா மேசை உங்களுக்கு."

"தப்பா ஓடுற மெஷின பாத்துட்டு சும்மா போகச் சொல்றியா?" என்றார் அண்ணி. போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை எழுதிக் காட்ட முடியாது. மாதாமாதம் போய்க் கேட்ட மேசை, தானாக மடியில் வந்து விழப் பார்க்கிறது. இவர் அதைத் தள்ளிவிட்டு எதிராளியின் சக்கரத்தைக் கழற்றுகிறார்.

சக்கரங்கள் கழன்றன. பேரிங்குகள் பெட்ரோலில் விழுந்தன, குலுங்கின, துணியில் ஏறிக் காய்ந்தன. கூட்டம் மேசையைச் சுற்றி நின்றது. அண்ணி ஊசியை எண்ணெயில் முக்கித் தூக்கினார். தூக்கிய கை ஆடியது. ஊசிக் காதில் தொங்கிய சொட்டும் சேர்ந்து ஆடியது. எல்லாரும் பார்த்தார்கள். மேனேஜர் முகத்தில் மறுபடியும் அந்தப் பரிதாபம் வந்து உட்கார்ந்தது. நானே போய் அந்த ஊசியைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அண்ணி அவசரப்படவில்லை. மணிக்கட்டை மேசைமேல் வைத்தார். சுண்டுவிரலை ஊன்றினார். கை நின்றுவிட்டது. கல்லில் அடித்து வைத்ததுபோல நின்றது. முதல் பேரிங்கில் சொட்டு உட்கார்ந்தது. இரண்டாவதில் உட்கார்ந்தது. எட்டிலும் ஒரு பிசகு இல்லை.

"ஆடுச்சேக்கா, இப்ப?" என்றார் மேனேஜர் மெதுவாக.

அண்ணி தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "காத்துல வெச்சா ஆடும் சார். மேசையில வெச்சா ஆடாது. மெஷின யாராவது காத்துல வெச்சு ரிப்பேர் பண்ணுவாங்களா?"

மேனேஜர் அண்ணியின் மணிக்கட்டையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு நிற்க வைத்து ஊசி கோர்க்கச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது.

புது டயர்களோடு சக்கரங்களை மாட்டி முடித்தபோது ஐந்து நிமிடம் மிச்சம். மேனேஜர் கையை நீட்டினார். அண்ணி கொடுக்கவில்லை. பையிலிருந்து வெள்ளைக் கழிவுத் துணி ஒன்றை உதறி மேசையில் விரித்தார்.

"நேரமாச்சுக்கா."

"கழிவுத் துணி ஓட்டாம என் கையிலேர்ந்து எந்த மெஷினும் லைனுக்குப் போகாது."

மோட்டார் ஓடியது. துணியில் பட்டையாக ஒரு கோடு விழுந்தது. தள்ளி வைத்தார், மெல்லிய கோடு. இன்னும் தள்ளி வைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. அண்ணி காரை மேனேஜர் கையில் வைத்தார்.

"இப்ப எடுத்துட்டுப் போங்க."

ஓட்டம் தொடங்கியது. அண்ணன் அன்றைக்கு ஓட்டியதுபோல ஒருநாளும் ஓட்டியதில்லை. மூன்றாவது வளைவில் ஒரு தடவைகூட முட்டவில்லை. மூன்று நிமிடம் அவருடைய கார்தான் முன்னால் போனது. நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டேன். நான்காவது நிமிடத்தில் மேனேஜரின் கார் பக்கத்தில் வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. எங்கள் வீட்டுக் காரும் அதே மாதிரிதான் சத்தமில்லாமல் ஓடியது. இரண்டும் ஒரே கை எண்ணெய் போட்ட கார்கள். ஓட்டுகிற கைதான் வேறு. மேனேஜர் முப்பத்திரண்டு சுற்று. அண்ணன் முப்பத்தொன்றரை.

அண்ணன் ரிமோட்டை வைத்துவிட்டு அண்ணியிடம் வந்தார். பெரிய உருவம், சின்னப் பிள்ளைபோல நின்றது. "என் வாயால உன் மேசை போச்சு."

"மூணாவது வளைவு நல்லா திரும்பினீங்க" என்றார் அண்ணி. மேசைமேல் கிடந்த ஊசியைத் துடைத்து, பெட்டியில் வைத்து, பெட்டியை மூடினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரு சொட்டு குறைத்து வைத்திருந்தால் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அப்படி வைத்தால் அது என் அண்ணி இல்லை என்று தோன்றியதால் வாயை மூடிக்கொண்டேன்.

மேனேஜர் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அண்ணி முந்திக்கொண்டார்.

"பேச்சுன்னா பேச்சுதான் சார். வார்த்தை குடுத்தது அவரா இருந்தாலும் எங்க வீட்டு வார்த்தை. இனிமே நான் மேசைய கேக்க மாட்டேன்."

"நீங்க கேக்க வேண்டாம்க்கா" என்றார் மேனேஜர். "நான் கேக்கறேன். திங்கக்கிழமை மேசைக்கு வர்றீங்களா?"

அண்ணி மேனேஜர் முகத்தில் அந்தப் பரிதாபம் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார். இல்லை. நானும் பார்த்தேன்.

"வர்றேன்" என்றார். "மீசைக்காரர் ஊத்தின மெஷின் எல்லாத்தையும் கழுவணும். லைட்டர் பெட்ரோல் நாலு டப்பா வாங்கி வைங்க."

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மூன்றாவது வரிசைக்கு வந்தார். முதலில் என் மெஷின். மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, மீசைக்காரரைப் பற்றி நான் இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொன்னார். மணிக்கட்டை மெஷின் மேசையில் வைத்து, சுண்டுவிரலை ஊன்றி, ஒரு சொட்டு வைத்தார். கழிவுத் துணியை நான்கு முறை ஓட்டினார். நான்காவது முறை வெள்ளையாக வந்த துணியை என் கையில் கொடுத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து மெஷின்காரி பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

அண்ணி என் முன்னால் அடுக்கியிருந்த காலர்களைச் சட்டென்று ஓரமாகத் தள்ளினார்.

"அழுறதுன்னா துணிய நகத்தி வெச்சுட்டு அழு. அதுவும் கறைதான்."